ஆர்டர் எங்கே நின்றது?

பங்கு வாங்க ஆரம்பித்த புதிதில் நான் செய்த முதல் பெரிய தப்பு, தப்பான பங்கை வாங்கியது இல்லை. சரியான பங்கை இரண்டு தடவை வாங்கியது. பட்டனை அழுத்தினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து விநாடி பொறுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை. ஆப்பை மூடித் திறந்து மறுபடியும் அழுத்தினேன். இந்த முறை ‘ஆர்டர் நிறைவேறியது’ என்று வந்தது. அப்பாடா என்று போனைக் கீழே வைத்துவிட்டேன். சாயங்காலம் கணக்கைத் திறந்தால் 50 பங்குக்குப் பதில் 100 பங்கு இருக்கிறது. முதல் ஆர்டரும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆர்டர் எங்கேயும் சிக்கவில்லை. அது நிறைவேறிய செய்திதான் என் திரைக்குத் திரும்பி வரும் வழியில் சிக்கியிருந்தது.

அதனால் ஆர்டரில் ஏதோ கோளாறு என்று தோன்றினால் முதலில் செய்ய வேண்டியது, மறுபடி அழுத்தாமல் இருப்பது. வாங்கும் பட்டன் இருக்கிற திரையை விட்டு வெளியே வந்து, ‘ஆர்டர்கள்’ என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் அனுப்பியது போய்ச் சேர்ந்திருந்தால் ஒரு எண்ணும் நேரமும் போட்டு அங்கே உட்கார்ந்திருக்கும். ஆப் திறக்கவே இல்லையா? அதே கணக்கில் கணினி வழியாக நுழைந்து பாருங்கள். அதுவும் முடியவில்லை என்றால் உங்கள் கணக்கை வைத்திருக்கும் புரோக்கருக்குப் போன் போடுங்கள். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் இரண்டாவது ஆர்டர் போடக்கூடாது.

ஆர்டர் போகிற பாதை

ஆர்டர் என்றால் கட்டளை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு விண்ணப்பம்தான். நீங்கள் அழுத்தியதும் அது முதலில் புரோக்கரின் கணினிக்குப் போகிறது. பணம் இருக்கிறதா, விற்பதாக இருந்தால் பங்கு இருக்கிறதா, இந்தப் பங்கில் இந்தக் கணக்கு வியாபாரம் செய்யலாமா என்றெல்லாம் அது பார்க்கும். அங்கே தேறினால்தான் எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது பங்குச் சந்தைக்குப் போகும். எக்ஸ்சேஞ்சும் தன் பக்கத்தில் விலையையும் எண்ணிக்கையையும் சோதித்துவிட்டு வரிசையில் நிறுத்தும். எதிர்ப்பக்கத்தில் அந்த விலைக்கு ஆள் கிடைத்தால் வியாபாரம் முடிகிறது. ஆனால் பணமும் பங்கும் உண்மையில் கை மாறுவது அதற்கு அப்புறம், பெரும்பாலும் ஒன்றிரண்டு வேலை நாள் கழித்து.

ஒவ்வொரு ஆர்டர் பிரச்சினையும் இந்தப் பாதையில் ஏதோ ஓர் இடத்தில் நிற்பதுதான். எந்த இடம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதைச் சொல்வது அந்தப் பட்டியலில் இருக்கும் நிலைச் சொல். ‘ரிஜெக்டட்’ என்றால் புரோக்கரோ எக்ஸ்சேஞ்சோ திருப்பி அனுப்பிவிட்டது. ‘ஓப்பன்’ அல்லது ‘பெண்டிங்’ என்றால் பெரும்பாலும் வரிசையில் காத்திருக்கிறது. ‘பார்ஷியல்’ என்றால் கொஞ்சம் கிடைத்தது, மீதி காத்திருக்கிறது. ‘எக்ஸ்பயர்டு’ என்றால் நேரம் முடிந்து காலாவதியாகிவிட்டது. புரோக்கருக்குப் புரோக்கர் சொல் கொஞ்சம் மாறும், விஷயம் மாறாது.

ரிஜெக்ட் ஆனால் அந்த வரியின் மேல் தட்டிப் பாருங்கள். உள்ளே காரணம் எழுதியிருக்கும். புதியவர்கள் பலர் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பதறுகிறார்களே ஒழிய, காரணத்தை யாரும் படிப்பதில்லை. வறட்டு ஆங்கிலத்தில், பாதி சுருக்கெழுத்தாக இருக்கும், உண்மைதான். ஆனாலும் ஃபண்ட், மார்ஜின் (ஈடாக வைக்க வேண்டிய பணம்), குவான்டிட்டி, பிரைஸ் என்று ஏதாவது ஒரு சொல் கண்ணில் படும். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதற்கு அது போதும்.

பணம் இருக்கிறது, ஆனால் இல்லை

அதிகம் வருவது பணச் சிக்கல். கணக்கில் 10,000 காட்டுகிறது, 9,900-க்கு ஆர்டர் போட்டால் போதவில்லை என்கிறது. இதற்குக் காரணம் ஒன்று அல்ல.

மார்க்கெட் ஆர்டர், அதாவது விலை சொல்லாமல் கிடைக்கிற விலைக்கு முடி என்கிற ஆர்டர் போட்டிருந்தால், எந்த விலைக்கு முடியும் என்று புரோக்கருக்கே முன்கூட்டித் தெரியாது. அதனால் பலர் இப்போதைய விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டுதான் பணம் போதுமா என்று பார்ப்பார்கள். கட்டணமும் வரியும் அதற்கு மேல். இன்னொன்று, நேற்று போட்டு மறந்துபோன ஒரு ஆர்டர் எங்கேயாவது ஓப்பனாக நின்றுகொண்டிருக்கும். அதற்குரிய பணத்தைப் புரோக்கர் ஒதுக்கி வைத்திருப்பார். அதைக் கேன்சல் செய்தால் பணம் திரும்பிவிடும்.

மூன்றாவது காரணம்தான் புதியவர்களைக் குழப்புவது. காலையில் ஒரு பங்கை விற்றீர்கள், இருப்பு கூடிவிட்டது, ஆனால் அந்தப் பணத்தை வங்கிக்கு அனுப்ப முடியவில்லை. ஏனென்றால் அது இன்னும் வந்து சேரவில்லை. வரப்போகிறது என்று கணக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். வியாபாரம் நடந்த நாளுக்கும் (அதுதான் ‘டி’) பணம் உண்மையில் வந்து சேர்கிற நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் டி+1, டி+2 என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவில் இது 1995-இல் ஐந்து நாளிலிருந்து மூன்றாகக் குறைந்தது, 2017-இல் இரண்டானது, 2024 மே 28 முதல் ஒன்று. இந்தியா 2023 ஜனவரியிலேயே முழுவதும் டி+1-க்கு வந்துவிட்டது. ஐரோப்பாவில் இப்போதைய திட்டப்படி 2027 அக்டோபரில்தான் ஒரு நாளாகும். நடுவில் சனி, ஞாயிறு, விடுமுறை வந்தால் அவை கணக்கில் சேராது. வெள்ளிக்கிழமை விற்றால் டி+1 என்பது திங்கள்கிழமை.

இப்படி வந்து சேராத பணத்தில் இன்னொரு பங்கு வாங்கப் பல இடங்களில் அனுமதி உண்டு. ஆனால் அமெரிக்க ரொக்கக் கணக்குகளில் (புரோக்கரிடம் கடன் வாங்காமல் சொந்தப் பணத்தில் மட்டும் வாங்குகிற கணக்கு), அப்படி வாங்கியதைப் பணம் வந்து சேர்வதற்குள் விற்றால் அது விதிமீறல். சில முறை அப்படி நடந்தால், 90 நாளுக்கு வந்து சேர்ந்த பணத்தில் மட்டுமே வாங்க முடியும் என்று கணக்கைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஆகவே இருப்பு என்ற ஒரே எண்ணைப் பார்க்காதீர்கள். ‘வாங்கும் சக்தி’ என்று ஒன்று, ‘எடுக்கக்கூடிய தொகை’ என்று இன்னொன்று தனித்தனியாக இருக்கும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

பங்கும் அப்படித்தான்

விற்கப் போகும்போது இதே நாடகம் மறுபக்கம் நடக்கும். 100 பங்கு கண்ணெதிரே இருக்கிறது, ‘போதிய பங்கு இல்லை’ என்கிறது. பத்துக்கு எட்டு முறை இதற்குக் காரணம் நீங்களே போட்டு வைத்த ஸ்டாப் லாஸ் என்று என் அனுபவம் சொல்கிறது. விலை விழுந்தால் விற்றுவிடு என்று அந்த 100 பங்கையும் ஒரு ஆர்டரில் கட்டி வைத்திருக்கிறீர்கள். ஒரே பங்கை இரண்டு ஆர்டரில் விற்க முடியாது. பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட முடியும். எடுத்துவிட்டு, எடுபட்டதை உறுதி செய்துகொண்டு, அப்புறம் போடுங்கள்.

விலைக் கட்டமும் எண்ணிக்கைக் கட்டமும்

விலையை நாம் நினைத்தபடி எல்லாம் எழுத முடியாது. ஒவ்வொரு சந்தையிலும் விலை எத்தனை எத்தனையாக ஏறலாம் என்று ஒரு படி உண்டு, அதை ‘டிக்’ என்பார்கள். படி 0.05 என்றால் 100.05 செல்லும், 100.03 செல்லாது, திரும்பி வரும். எண்ணிக்கைக்கும் அப்படி விதி உண்டு. டோக்கியோவில் 2018 அக்டோபர் முதல் உள்நாட்டு நிறுவனங்களின் பங்குகள் எல்லாம் 100, 100-ஆகத்தான் கைமாறுகின்றன. ஹாங்காங்கில் அந்த எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு நாளில் விலை இவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது, இவ்வளவுக்குக் கீழ் இறங்கக்கூடாது என்ற எல்லையும் பல சந்தைகளில் இருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே விலை எழுதினால் ஆர்டர் உள்ளேயே போகாது.

இந்தச் சோதனைகள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் ஜே-காம் என்ற நிறுவனத்தின் பங்கு முதல் முறையாகச் சந்தைக்கு வந்தது. 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டும். மிசுஹோ செக்யூரிட்டீஸில் அதை அடித்தவர், 6,10,000 பங்கை 1 யென்னுக்கு விற்பதாக அடித்துவிட்டார். இரண்டு கட்டம் இடம் மாறிப்போனது, வேறொன்றும் இல்லை. அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளைப் போல 40 மடங்குக்கும் மேல் அது. திரையில் எச்சரிக்கை வந்தும் ஆர்டர் தாண்டிப் போய்விட்டது. உடனே கேன்சல் செய்யப் பார்த்தார்கள். எக்ஸ்சேஞ்சின் கணினியில் இருந்த ஒரு பிழையால் கேன்சலும் ஏறவில்லை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். தினமும் இதே வேலையாக இருப்பவர்களுக்கே இந்தக் கதி. அதனால் உறுதிசெய்யும் திரை வரும்போது ஒரு நொடி நின்று எது விலை, எது எண்ணிக்கை என்று வாய்விட்டுப் படிக்கிற பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை.

வரிசையில் நிற்கிறது, நகரவில்லை

ரிஜெக்ட் ஆகவில்லை, ஓப்பன் என்றுதான் காட்டுகிறது, ஆனால் நிறைவேறவும் மாட்டேன் என்கிறது. பெரும்பாலும் இது பிரச்சினையே இல்லை. சந்தையின் உள்ளே எட்டிப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஒரு பங்கின் விலை 200 என்று ஆப் காட்டுகிறது. அது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அந்த வியாபாரம் ஒரு நொடிக்கு முன் நடந்திருக்கலாம், ஆள் நடமாட்டம் இல்லாத பங்கு என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்பும் நடந்திருக்கலாம். சில இலவசத் திரைகளில் விலையே 15 நிமிடம் தாமதமாகத்தான் வரும். இப்போது யார் என்ன விலை கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். ‘மார்க்கெட் டெப்த்’ என்ற பக்கத்தைத் திறந்தால் இரண்டு பக்கமும் தெரியும். விற்பவர்கள் பக்கம் 201-க்கு 40 பங்கு, 202-க்கு 30, 205-க்கு 30. வாங்குபவர்கள் பக்கம் 199-க்கு 500, 198-க்கு 800. 200-க்கு விற்க யாரும் இல்லை! நீங்கள் 200-க்கு லிமிட் ஆர்டர் போட்டால், 200-க்கோ அதற்குக் கீழேயோ விற்க ஒருவர் வரும்வரை அது அப்படியே நிற்கும். லிமிட் ஆர்டர் என்றால் ‘இதற்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன்’ என்று சொல்வது. சரி, விற்பவரும் ‘இதற்குக் கீழ் தரமாட்டேன்’ என்று சொல்லலாம் இல்லையா?

இதிலேயே நுணுக்கமான ஒன்று இருக்கிறது. 199-க்கு வாங்கப் போட்டிருந்தீர்கள். விலை 199-ஐத் தொட்டுவிட்டு ஏறிவிட்டது, உங்களுக்குக் கிடைக்கவில்லை. புரோக்கர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். நடந்தது இதுதான்: நீங்கள் வருவதற்கு முன்பே 199-க்கு 500 பங்கு கேட்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். விலை தொட்ட நேரத்தில் 300 பங்குதான் விற்பனைக்கு வந்தது. முதலில் நின்றவர்களுக்கு அது போய்விட்டது. உங்களுக்கு முன்னால் இன்னும் 200 பாக்கி. பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் நல்ல விலை சொன்னவருக்கு முதல் இடம், ஒரே விலை சொன்னவர்களில் முதலில் வந்தவருக்கு முதல் இடம். இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆர்டரின் விலையை மாற்றினாலோ எண்ணிக்கையைக் கூட்டினாலோ வரிசையில் பிடித்த இடம் பொதுவாகப் போய்விடும், கடைசிக்குப் போய் நிற்க வேண்டியதுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விலையைத் திருத்திக்கொண்டே இருப்பவருக்கு ஏன் ஒன்றும் கிடைப்பதில்லை என்பது இப்போது புரியும்.

நிறைவேறிவிட்டது, ஆனால் இந்த விலைக்கா?

அதே டெப்த் பக்கத்தை மறுபடி பாருங்கள். பொறுமை இல்லாமல் 100 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டுவிட்டீர்கள். 201-க்கு 40, 202-க்கு 30, 205-க்கு 30 என்று வரிசையாக அள்ளிக்கொண்டு மேலே போகும். மொத்தம் 20,250, சராசரி 202.50. ஆப்பில் பார்த்த 200 எங்கே போனது என்று கேட்டுப் பயனில்லை. அந்த விலை உங்களுக்கு எப்போதுமே இருந்ததில்லை. நிறையக் கைமாறும் பெரிய பங்குகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. சின்னப் பங்குகளில்தான் கடிக்கும்.

மிக மோசமாகக் கடித்த நாள் 2010 மே 6. அன்று மதியம் அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் மளமளவென்று சரிந்து, அதே வேகத்தில் ஏறியது. வாங்குபவர்கள் விலகிப்போன அந்த இடைவெளியில் வந்து விழுந்த விற்பனை ஆர்டர்கள், கிடைத்த விலைக்குப் போயின. அக்சென்சர் பங்கு 1 சென்ட்டுக்குக் கைமாறியது. நிமிடங்களுக்கு முன் இருந்த விலையிலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் விலகிய 20,000-க்கும் அதிகமான வியாபாரங்களை அப்புறம் ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகு கொண்டுவந்த விலை எல்லை ஏற்பாடு 2013-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது.

ஸ்டாப் லாஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வருகிற புகார்களில் பாதி அதைப் பற்றித்தான். 190-க்கு ஸ்டாப் வைத்தேன், 170-க்கு விற்றிருக்கிறது, இது எப்படி? 190 என்பது விற்கும் விலை அல்ல, எழுப்புகிற விலை. நேற்று 200-இல் முடிந்த பங்கு இன்று காலை கெட்ட செய்தியோடு 170-இல் திறந்தால், 190-ஐத் தாண்டிவிட்டது என்று ஆர்டர் விழித்துக்கொள்ளும், மார்க்கெட் ஆர்டராக மாறும், 170 பக்கத்தில் விற்கும். இது வேண்டாம் என்று ஸ்டாப்போடு 188 என்று லிமிட்டும் வைத்தால், 170-இல் திறந்த பங்கு விற்கவே விற்காது, கையிலேயே இருக்கும். இரண்டில் எது பரவாயில்லை என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான். எனக்கு முதலாவதே மேல் என்று படுகிறது, விற்க வேண்டும் என்றுதானே வைத்தோம். இன்னொரு சின்ன விஷயம்: விற்பதற்கான ஸ்டாப் இப்போதைய விலைக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே வைத்தால் ரிஜெக்ட் ஆகும், இல்லாவிட்டால் அந்த நொடியே விற்றுவிடும்.

காணாமல் போன ஆர்டர்

நேற்று போட்டது இன்று இல்லை என்றால், அது ‘டே’ ஆர்டராக இருந்திருக்கும். சந்தை மூடியதும் காலாவதி. பல ஆப்களில் நாம் எதையும் தொடாவிட்டால் இதுதான் இருக்கும். நீண்ட நாள் நிற்கிற வகை ஆர்டரும் காணாமல் போகலாம், நிறுவனம் பங்கைப் பிரித்தால். என்விடியா 2024 ஜூனில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தபோது விலையும் பத்தில் ஒன்றானது. பழைய விலையில் நின்ற ஆர்டருக்கு அப்புறம் என்ன அர்த்தம்? இப்படிப்பட்ட சமயங்களில் சில புரோக்கர்கள் திருத்தி வைப்பார்கள், சிலர் ரத்து செய்துவிடுவார்கள். அதே நாளில் ‘என் முதலீடு 90 சதவீதம் விழுந்துவிட்டது’ என்று அலறுபவர்களும் உண்டு. எண்ணிக்கை பத்து மடங்காகியிருக்கும். அது கணக்கில் ஏற ஓரிரு நாள் ஆகலாம்.

வெளிநாட்டுச் சந்தையில் வாங்குபவர்களுக்கு நேரமும் ஒரு கண்ணி. அமெரிக்கச் சந்தை உள்ளூர் நேரப்படி காலை 9.30 முதல் மாலை 4 வரை. அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள். உங்கள் ஊரில் மாற்றாவிட்டால் உங்களுக்குச் சந்தை நேரம் ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ நகரும்.

கேன்சல் அழுத்தியும் ஆர்டர் நிறைவேறிவிட்டதே என்றால், கேன்சலும் ஒரு விண்ணப்பம்தான். அது போய்ச் சேரும் முன் வியாபாரம் முடிந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ‘கேன்சல்டு’ என்று வரும்வரை அந்த ஆர்டர் உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புரோக்கரிடம் கேட்கும்போது

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் உதவி மையம். ‘என் ஆர்டர் போகலை’ என்று மட்டும் சொன்னால் ‘ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்’ என்ற பதில்தான் வரும். ஆர்டர் எண், நேரம், ரிஜெக்ட் காரணத்தின் வரி அப்படியே, கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆர்டர் எக்ஸ்சேஞ்சுக்குப் போனதா, உங்களிடமே நின்றுவிட்டதா? அதற்கு மழுப்பாமல் பதில் சொல்லியே ஆக வேண்டும். பேசியதோடு விடாமல் மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். புரோக்கர் கைவிரித்தால் அவருக்கு மேலே ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. இந்தியாவில் செபியின் ஸ்கோர்ஸ் தளம், அமெரிக்காவில் ஃபின்ரா என்று நாட்டுக்கு நாடு ஒன்று. அங்கே போனால் முதலில் கேட்பது அந்த எழுத்துப் பதிவைத்தான்.

உதவி எண்ணை மட்டும் தயவுசெய்து தேடுபொறியில் தேடாதீர்கள். பணம் சிக்கிய பதற்றத்தில் இருப்பவர்களுக்காகவே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கும் கூட்டம் இருக்கிறது. எண் ஆப்புக்கு உள்ளேயே இருக்கும். உங்கள் திரையைப் பகிரச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ, ‘சோதனைக்காக ஒரு சின்னத் தொகை அனுப்புங்கள்’ என்றாலோ அப்போதே போனை வையுங்கள்.

என் இரட்டை ஆர்டருக்கும் அன்று போன் போட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான். எடுத்த பெண் இரண்டு ஆர்டர் எண்களையும் நிதானமாகப் படித்தார். இரண்டுக்கும் நடுவே 14 விநாடி. இரண்டுமே எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருந்தன, இரண்டுமே நான் அழுத்தியவை. சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கூடுதலாக வந்த 50 பங்கை மறுநாள் விற்றேன், லிமிட் ஆர்டர் போட்டு. மூன்று மணி நேரம் ஆனது.